கோணமாமலையின் நடுவில் நிற்பது நந்தியா, குதிரையா?

மூதூர்ப் பொடியன்:
போன மாதக் குறுக்கெழுத்தில இடமிருந்து வலம் 7: "கோணமாமலையின் நடுவில் நிற்கும் விலங்கு (3)". நான் 'நந்தி' எண்டு போட்டன். பிழையாம், விடை 'குதிரை'யாம். அதைக்கூட விட்டிடலாம். ஆனா புதிர் போட்ட கட்டக்காரன் அண்ணை நேற்று எழுதினாரே, "இதுக்கு ஒரே விடைதான், தமிழ் தெரிஞ்சவனுக்குச் சந்தேகமே வராது" எண்டு, அதுதான் வயித்தெரிச்சல். கோணமாமலை எண்டா எங்கட திருகோணமலைதானே, அங்க கோணேசர் கோயில்ல நந்தி இல்லையோ? ந, ந், தி மூண்டு கட்டம் இல்லையோ?

கட்டக்காரன்:
தம்பி, உங்களை ஆர் மலையேறச் சொன்னது? எழுத்தை எண்ணுங்கோ. கோ, ண, மா, ம, லை. அஞ்சில நடு எழுத்து மா. மா எண்டா குதிரை. பரிமா கேள்விப்படேல்லையோ? திருக்குறள் 814 இல 'கல்லாமா' வருது, பழக்காத குதிரை. சம்பந்தர் தேவாரத்தில ஊரின்ர பேரே 'கோணமாமலை' எண்டு கிடக்கு, ஒரு எழுத்தும் நான் கூட்டேல்ல.

உப்புவெளி வாத்தி:
இவ்வளவு விளக்கம் எதுக்கு? நந்தி நிற்காது. படுத்திருக்கும். எந்தச் சிவன் கோயிலுக்கும் போய்ப் பாருங்கோ. விடை பிழை. முடிஞ்சுது.

மூதூர்ப் பொடியன்:
மாஸ்டர், நிக்கிறது எழுத்து எண்டு அவரே சொல்லுறார். எழுத்துக்குக் கால் இருக்கோ? அந்தக் குறளையும் முழுசாச் சொல்லுங்கோ அண்ணை: போர்க்களத்தில ஆளை விழுத்திப்போட்டு ஓடுற குதிரை அது. உங்கட புதிரை நம்பி இறங்கின எங்கட நிலைமையும் அதுதான். மா எண்டா குதிரை மட்டுமே? "மாவும் மாக்களும் ஐயறிவினவே" எண்டு தொல்காப்பியம் மரபியல் சொல்லுது. அரிமா சிங்கம், கைம்மா யானை. மாடும் மாதான்.

உப்புவெளி வாத்தி:
தொல்காப்பியர் நந்தி நிற்கும் எண்டு எழுதினவரோ? படுத்திருக்கும்.

கிண்ணியா நானா:
எங்கட வீட்டில மா எண்டா ரொட்டிக்குக் குழைக்கிறது. அதுவும் நிற்காது மாஸ்டர், படுத்துத்தான் கிடக்கும்.

திருமலைச் செல்வி:
ஒருத்தரும் குறுக்கை வாற எழுத்தைப் பார்க்கேல்லையே? மேலிருந்து கீழ் 4, "கடலோடு முடிவது (2)". அதின்ர ரெண்டாம் கட்டமும் 7 இன்ர கடைசிக் கட்டமும் ஒண்டு. குதிரை எண்டா கீழ கரை. நந்தி எண்டா கீழ நதி. ரெண்டு சோடியும் பொருந்துது. அப்ப பிழை கட்டத்தில, ஆக்களில இல்ல. ஆங்கிலத்தில சைமனீஸ் எண்ட பேரில புதிர் போட்ட மக்நட் வகுத்த ஒழுங்கு இருக்கு: குறிப்பில சரியான வரையறை ஒண்டு, சொல்விளையாட்டு ஒண்டு, அதுக்கு மேல ஒண்டுமில்ல. 'விலங்கு' எண்ட வரையறை குதிரைக்கு மட்டும் சொந்தமில்ல. 'போருக்குப் போகும் விலங்கு' எண்டு போட்டிருந்தா இந்தச் சண்டையே வந்திராது.

கட்டக்காரன்:
தங்கச்சி, நதி கடலில முடியும். கடலோடு முடியாது. வேற்றுமை உருபு தெரியாம வரையறை கதைக்கக் கூடாது.

மூதூர்ப் பொடியன்:
மூதூர்க்காரனுக்கு ஆறு படிப்பிக்கிறீங்களோ? மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வந்து எங்கட கொட்டியாரக் குடாவிலதான் முடியுது. கரை எங்க முடியுது? தோணி தள்ளுறவனைக் கேளுங்கோ, அவனுக்குக் கரை கடலோடதான் தொடங்குது.

உப்புவெளி வாத்தி:
ஆறு ஓடட்டும், அதில எனக்கு வழக்கில்ல. நந்தி படுத்திருக்குதோ இல்லையோ? அதுக்குப் பதிலைக் காணேல்ல. இந்த மூதூரார் முந்தியும் இப்பிடித்தான். "வாரத்திலும் வானத்திலும் வருடத்திலும் உண்டு (4)" எண்ட கேள்விக்கு 'செவ்வாய்' எண்டு போட்டுட்டு ஒரு கிழமை அழுதவர். கிழமைக்கும் நிலவுக்கும் மாதத்துக்கும் திங்கள் எண்ட ஒரு சொல் இருக்கேக்க, செவ்வாய் வருசத்தில எங்கயப்பா வருது?

மூதூர்ப் பொடியன்:
வருசத்தில 52 தரம் வருது.

நிலாவெளிக் காத்து:
மா எண்டா இருபதில ஒரு பங்கு எண்டும் பொருள் இருக்கு. உங்கட கதையில இருக்கிற நியாயமும் அவ்வளவுதான் மூதூரார். கோணேசர் மலைக்குப் போறவனைக் கேட்டா நடுவில நிக்கிற விலங்கு மான். கோட்டை வாசல் தாண்டினதும் வாழைப்பழத் தோலுக்கு வந்து பையைப் பிடிச்சு இழுக்கும். நான் 'மான்கள்' எண்டு போட்டன். நாலு கட்டம் எண்டு பிறகுதான் கண்டன்.

திருமலைச் செல்வி:
பழத்தோலுக்கு மட்டுமோ? பையோட பொலித்தீனையும் தின்னுதுகள். உங்களைப் போல சுத்திப் பாக்க வாற ஆக்கள்தான் குடுத்துப் பழக்கினது.

நிலாவெளிக் காத்து:
நான் சுத்திப் பாக்க வாற ஆளோ? நான் இந்த மாவட்டத்தான்! நிலாவெளியில வந்து போத்தில் எறியிறது ஆர்? டவுன்காரர்!

உப்புவெளி வாத்தி:
மான் நிற்கும், ஒத்துக்கொள்ளுறன். ஆனா கட்டம் காணாது. குதிரை நிற்கும், கட்டமும் சரி. நந்திக்குக் கட்டம் சரி, ஆனா படுத்திருக்கும். இதை விட எப்பிடி விளங்கப்படுத்திறது? நான் 30 வருசம் பிள்ளையளுக்குப் படிப்பிச்சவன்.

கட்டக்காரன்:
மாஸ்டர், எனக்காகக் கதைக்கிறது சந்தோசம், ஆனா காரணம் அதில்ல. நந்தி நிண்டாலும் விடை குதிரைதான். மா எண்ட எழுத்திலதான் விசயம் இருக்கு.

உப்புவெளி வாத்தி:
நந்தி நிண்டா எண்ட கதையே இல்ல. அது நிற்காது. உங்களுக்கே உங்கட புதிர் விளங்கேல்ல.

மூதூர்ப் பொடியன்:
ஆ, இப்ப ரெண்டு பேரும் பிடிபடுங்கோ. மாஸ்டர், திருவிழாவில சுவாமி எழுந்தருளுற இடப வாகனம் நிக்குதோ படுத்திருக்கோ?

உப்புவெளி வாத்தி:
அது வாகனம். மரத்தில செய்தது. விலங்கில்ல.

மூதூர்ப் பொடியன்:
கல்லில செய்தது மட்டும் விலங்கோ?

உப்புவெளி வாத்தி:
நந்தியெம்பெருமானைக் கல் எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டீங்கள். இதுதான் புதிர் போடுறவையின்ர வளர்ப்பு.

கட்டக்காரன்:
என்னை ஏன் இழுக்கிறீங்கள்? கல் எண்டது அவர்!

கிண்ணியா நானா:
விலங்கு எண்டா கையில மாட்டுறதும்தான். கோட்டைக்குள்ள அதுவும் இருந்திருக்கும். 1624 இல போர்த்துக்கேயன் கோயிலை இடிச்ச கையோட கட்டின கோட்டை எல்லோ.

கட்டக்காரன்:
கைவிலங்கு அஞ்சு கட்டம். எண்ணத் தெரியாத ஆக்கள் புதிருக்கு வராதேங்கோ.

கிண்ணியா நானா:
எண்ணத் தெரியும் காக்கா. பாலம் வர முதல் பாதை, அதுதான் ஆக்களை ஏத்திற மிதவை, எப்ப வரும், எப்ப போகும் எண்டு எண்ணிக்கொண்டே வளர்ந்த ஆக்கள் நாங்க. 2009 க்குப் பிறகுதான் அந்தக் கணக்கை விட்டது.

மூதூர்ப் பொடியன்:
கிண்ணியாக்குப் பாலம் வந்த பெருமையை இங்க கொண்டு வராதேங்கோ நானா. கேள்வி இதுதான்: எனக்குப் புள்ளி தருவீங்களோ இல்லையோ?

கட்டக்காரன்:
இல்ல. விடை போட்டாச்சு. அடுத்த புதிரும் அனுப்பியாச்சு, அதில விலங்கே இல்ல.

உப்புவெளி வாத்தி:
இடபம் வேற, நந்தி வேற. நாளைக்கு விரிவா எழுதுறன். படமும் போடுறன். எல்லாத்திலயும் படுத்துத்தான் இருக்கும்.