ஊத்துக்குளி மாதிரி ரயில்: தண்டவாளம் முதலா, மண் முதலா?

நொய்யல்கரை:
ஊத்துக்குளி நிலையத்தை எட்டுக்கு நான்கு அடிப் பலகையில் 1:87 அளவில் கட்டுகிறேன். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. நம் அகலப்பாதை 1676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19.26. கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைவதால் பெட்டி, கால் சிறுத்த எருமைபோல் நிற்கிறது. தண்டவாளத்தைக் கையாலேயே பதிக்கப் போகிறேன்.

காங்கயத்தான்:
வேண்டாம் தம்பி. அகலத்தை மாற்றினால் ஒவ்வொரு எஞ்சின், பெட்டியின் சக்கரத்தையும் அச்சில் நகர்த்த வேண்டும். பாதை பிரியும் பாயின்ட் அத்தனையும் நீங்களே அறுத்துச் செய்ய வேண்டும். அப்படித் தொடங்கிய என் பலகை இரண்டு ஆண்டுகள் மொட்டையாகக் கிடந்தது. 3 மி.மீ. யார் கண்ணில் படும்? சீமைப் புல்வெளி நடுவே நம் ரயில் ஓடுவதுதான் உறுத்தும். நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைக் கொண்டுவாருங்கள்: கிளுவை வேலி, உள்ளே குடை விரித்த வெள்வேல மரம், காய்ந்த கொழுக்கட்டைப் புல். பனையைக் குட்டையாக நடாதீர்கள். 15 மீட்டர் பனை 17 செ.மீ. வர வேண்டும்.

நொய்யல்கரை:
வேலியை எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் நடைமேடை முனையில் குனிந்து பாதையை நேரே பாருங்கள், அந்த 3 மி.மீ. தெரியும். தண்டவாளத்தைத் தாங்கும் நம் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டை 60 செ.மீ.க்கு ஒன்று, மாதிரியில் 7 மி.மீ. என்னிடமுள்ள கடைத் தண்டவாளத்தில் பழுப்பு மரக்கட்டைகள் நெருங்கிக் கிடக்கின்றன. இருபுறமும் எத்தனை பனை நட்டாலும் அது வேற்றூர்ப் பாதைதான்.

பொள்ளாச்சி லைன்:
ஒரு மீட்டர் அகலப் பாதையான மீட்டர்கேஜுக்கு மாறுங்கள். 1:87இல் அது 11.5 மி.மீ.; 12 மி.மீ. தண்டவாளம் ஆயத்தமாகவே வருகிறது. போத்தனூர்–பொள்ளாச்சிப் பழைய பாதையைத் தென்னந்தோப்போடு செய்யலாமே.

நொய்யல்கரை:
எங்கள் தடத்தில் மீட்டர்கேஜ் ஓடியதே இல்லை. சென்னை–பேப்பூர்ப் பாதை 1862இல் முடிந்தபோதே இது அகலப்பாதை. நான்கு பெட்டிகளுக்குச் சக்கரம் நகர்த்தியாயிற்று.

காங்கயத்தான்:
சரி, பதியுங்கள். உங்கள் பிடிவாதம் எனக்கு அன்று இருந்திருக்கலாம். ஆனால் ஊர்ச் செம்மண்ணை அப்படியே தூவாதீர்கள். காயவைத்து, துணியில் சலித்து, காந்தத்தால் துழாவுங்கள். கறுப்புத் துகள் மீசைபோல் ஒட்டிக்கொண்டு வரும். அது மோட்டாருக்குள் போனால் எஞ்சின் வீண். மண்ணை ஒட்ட, பாதி ஃபெவிகால், பாதி தண்ணீர், ஒரு துளி சோப்பு நீர். மருந்து சொட்டும் குழாயால் விடுங்கள். பசை காய்ந்தால் மண் கறுக்கும், வெளிறிய மண்ணாக எடுங்கள்.

நொய்யல்கரை:
சென்னிமலைப் பக்கத்துத் தோட்டத்து மண் அரைப்படி இருக்கிறது. காலையில் காந்தம் போட்டுப் பார்க்கிறேன் அண்ணா.