ஈ.கோலையில் எடுத்த புரதம் டி.எல்.ஆர்.4-ஐத் தூண்டுகிறது: புரதமா, எண்டோடாக்சினா?

கேள்வி (பிளாஸ்மிட்):
பி.எல்.21 என்ற ஆய்வக ரக ஈ.கோலை பாக்டீரியாவில் எடுத்து, நிக்கல் குழாயில் (column) சுத்திகரித்த புரதம். மில்லிக்கு 1 மைக்ரோகிராம் போட்டாலே மேக்ரோபேஜ்கள் (நோயெதிர்ப்புச் செல்கள்) டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கின்றன. எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேர்த்தால் பாதிதான் குறைகிறது. மீதிப் பாதி புரதத்தின் வேலைதானே? தடுப்பூசித் துணைப்பொருளாக இதை நகர்த்தலாமா?

பதில் (சி.டி.14):
அவசரம் வேண்டாம். டி.எல்.ஆர்.4 (பாக்டீரியாவை உணரும் செல் ஏற்பி) எல்.பி.எஸ்.ஸை, அதாவது எண்டோடாக்சினை, நேராகப் பிடிப்பதில்லை. எல்.பி.பி. என்ற புரதம் எல்.பி.எஸ்.ஸைத் தூக்கி சி.டி.14 என்ற புரதத்திடம் தர, அங்கிருந்து எல்.பி.எஸ். டி.எல்.ஆர்.4-இன் கூட்டாளிப் புரதமான எம்.டி.2-வின் குழிக்குள் இறங்குகிறது. எல்.பி.எஸ்.ஸின் கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏ-யின் ஆறு கொழுப்புச் சங்கிலிகளில் ஐந்து உள்ளே போய்விடும். வெளியே நிற்கும் ஆறாவதுதான் இன்னொரு டி.எல்.ஆர்.4-ஐ இழுத்து ஜோடி சேர்க்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு மில்லிக்குச் சில பத்துப் பிக்கோகிராம் போதும். உங்கள் புரதத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எல்.பி.எஸ். இருந்தாலே 100 பிக்கோகிராம் ஆகிவிடும்.

பாலிமிக்சின் முழுசாகக் கட்டாமல் விட்டிருக்கலாம். பாக்டீரியாவின் லிப்போபுரதம் (கொழுப்பு ஒட்டிய புரதம்) இருந்தால் அது டி.எல்.ஆர்.2 என்ற வேறொரு ஏற்பி வழியாகப் போகும், அதைப் பாலிமிக்சின் தொடவே தொடாது. 95 டிகிரியில் 30 நிமிடம் கொதிக்க வைத்துப் போடுங்கள், பக்கத்திலேயே புரோட்டீனேஸ் கே (புரதத்தை வெட்டும் நொதி) போட்டதும் ஒன்று. புரதம் குலைந்த பிறகும் டி.என்.எஃப். அப்படியே வந்தால் காரணம் பெரும்பாலும் புரதம் இல்லை. எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல். சோதனையில் தெரிந்த அளவு எண்டோடாக்சினைக் கலந்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புரதமே அதை மறைத்துக் குறைவாகக் காட்டுவதுண்டு.

பதில் (குளிர் அறை):
எண்டோடாக்சினை நீக்குவதற்கு: புரதம் குழாயில் ஒட்டியிருக்கும்போதே, 4 டிகிரியில், 0.1% டிரைட்டான் எக்ஸ்-114 (சோப்பு போன்ற பொருள்) கலந்த பஃபரால், குழாயின் கொள்ளளவைப் போல் 50 மடங்கு ஊற்றிக் கழுவுங்கள். பிறகு டிரைட்டான் இல்லாத பஃபரில் 20 மடங்கு. இதைச் சுருக்கினால் மிஞ்சும் டிரைட்டானே செல்லைக் கொன்றுவிடும், 'தூண்டல் நின்றது' என்று ஏமாறுவீர்கள். கண்ணாடிக் கலங்களில் ஒட்டிய எண்டோடாக்சினை அழிக்க ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) போதாது. 250 டிகிரி, 30 நிமிடம்.

பதில் (லிப்பிட் ஏ):
எச்.எஸ்.பி.60, எச்.எஸ்.பி.70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் டி.எல்.ஆர். தூண்டிகள் என்று வந்த பல ஆரம்பகால முடிவுகள் இந்தக் கலப்படத்தில்தான் சறுக்கின. மருந்துப் பக்கம் ஆசை நியாயமானதே: ஒரு பாஸ்பேட்டை நீக்கி விஷத்தைக் குறைத்த லிப்பிட் ஏ-யான எம்.பி.எல்., ஷிங்ரிக்ஸ் என்ற அக்கி (shingles) தடுப்பூசியில் டோஸுக்கு 50 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆனால் நான்கே சங்கிலிகளோடு எம்.டி.2 குழியை அடைக்கும் எரிடோரான் என்ற மருந்து, செப்சிஸில் (தொற்றால் உடல் சீர்குலையும் நிலை) மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது (ஆய்விதழில் வெளியானது 2013).

எல்.பி.எஸ். மாற்றப்பட்ட ஈ.கோலை ரகமான கிளியர்கோலைக்கு மாறச் சிலர் சொல்வார்கள். அதிலுள்ள லிப்பிட் IVஏ (லிப்பிட் ஏ-யின் முன்வடிவம்) மனிதச் செல்லில் தடுப்பான், எலிச் செல்லில் தூண்டி. உங்கள் மேக்ரோபேஜ் எதிலிருந்து எடுத்தது?