வசதியான பிள்ளைகளோட படிச்சவை ஆரும் இருக்கிறீங்களா?

உப்புவெளிப் பெடியன்:
2004 சுனாமியில அப்பான்ர தோணி போச்சு. அடுத்த வருசம் புலமைப்பரிசில் பாஸ் பண்ணி, திருகோணமலை ரவுணுக்குள்ள பெரிய பள்ளிக்கூடம் ஒண்டுக்குப் போனன். வகுப்பில டொக்டர்மார், நகைக்கடை முதலாளிமாரின்ர பிள்ளைகள். அவங்கள் வெள்ளைச் சப்பாத்துக்கு வைற்னர் பூசுவாங்கள். நான் சோக்குக்கட்டியைத் தேய்ப்பன். மார்கழி மழைக்குக் கரைஞ்சு கால்மேசில வழியும். இப்ப நல்ல சம்பளம். ஆனாலும் நிலாவெளியில ஹோட்டலுக்குப் போனால் சாப்பாட்டுப் பேருக்கு முதல் விலையைத்தான் பாக்கிறன். இது எப்ப போகும்?

மூதூர் அக்கா:
தம்பி, எனக்கு 35. இன்னும் போகேல்ல. கண்டி ட்ரிப்புக்குக் காசு கட்டேலாமல் வயித்துக்குத்து எண்டு படுத்தனான். அம்மாவும் நம்பினமாதிரி நடிச்சா. மல்லித்தண்ணி வேற அவிச்சுத் தந்தவ!

கடைக்காரன்ர மகன்:
நான் மற்றப் பக்கம். சோக்கு எண்டு எங்களுக்குத் தெரியும் மச்சான். என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல்தான் பணிஸில பாதியைப் பிச்சுத் தாறது.

உப்புவெளிப் பெடியன்:
அந்தப் பாதியை நான் திண்டதில்லையடா. கொப்பித்தாளில சுத்தித் தங்கச்சிக்குக் கொண்டுபோவன். தாளில ஒட்டின சீனியையும் நக்கிப்போட்டுத்தான் தருவாள்.