பச்சிளங்குழந்தைக்குப் பியூபிவகெயின்: கிலோவுக்கான அளவையே ஏன் குறைக்கிறோம்?

கேள்வி:
நான் மயக்கவியல் பட்டமேற்படிப்பு மாணவி. உடலின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்யும் பியூபிவகெயின் மருந்தை எடையைக் கொண்டுதான் கணக்கிடுகிறோம் என்றால், பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கான அளவையும் குறைக்கச் சொல்வது ஏன் ஐயா?

பதில் 1:
இரத்தத்தில் சேரும் பியூபிவகெயினைப் பெரும்பாலும் பிடித்து வைப்பது ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம். பிறந்த குழந்தையிடம் இது பெரியவர்களின் அளவில் பாதிகூட இருப்பதில்லை. அந்நிலையை எட்ட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆகவே மொத்தச் செறிவு ஒன்றாகவே இருந்தாலும், இதயத்தையும் மூளையையும் தாக்கவல்ல, புரதத்தோடு பிணையாத கட்டற்ற மருந்து கூடுதலாக இருக்கும். ஆல்புமின் என்ற மற்றொரு இரத்தப் புரதம் ஏராளமாக இருந்தாலும் அதன் பிடிப்பு தளர்வானது. அமிலத்தன்மை கூடினால் பிணைப்பு மேலும் குறையும்.

பதில் 2:
ஒருமுறை ஊசிக்குக் கிலோவுக்கு 2 மி.கி.யைத் தாண்டாதீர்கள். மூன்று கிலோ குழந்தைக்கு அது 6 மி.கி., அதாவது 0.25 சதவீதக் கரைசலில் வெறும் 2.4 மி.லி.; சிரிஞ்சில் அந்தக் கோட்டை இருவர் சரிபார்ப்பது நல்லது. தொடர் செலுத்தலுக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி.யே வரம்பு.

கேள்வி கேட்டவர்:
அறுவைக்குப்பின் இப்புரதம் உயருமே, அப்போது அளவைக் கூட்டலாமா?

பதில் 1:
கூடாதம்மா. தொடர் செலுத்தலில் கட்டற்ற மருந்தின் அளவைத் தீர்மானிப்பது கல்லீரல். அங்கே மருந்தைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதி பிறந்த குழந்தையிடம் இன்னும் முதிரவில்லை. மயக்கத்தில் வலிப்பு மறைந்துவிடுவதால், இதயத்துடிப்புக் கோளாறே மருந்து நச்சானதன் முதல் அறிகுறியாகலாம். அந்த நச்சுக்கு மாற்றான 20 சதவீதக் கொழுப்புக் குழம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.