அம்மாவைப் பாரமாக நினைப்பதாக அக்கா என்மேல் பழி போடுகிறாள். என்ன செய்வது?

பவானிக்கரை (கேள்வி):
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. இடது கை, கால் சரியாக வராது. ஈரோட்டில் அக்கா வீட்டில் இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போய், ஞாயிறு முழுக்க அம்மாவோடு இருந்துவிட்டு வருவேன். மாத்திரை, டயப்பர் செலவெல்லாம் என்னுடையது.

போன ஞாயிறு அம்மாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அக்கா நிலைப்படியில் நின்று, "எப்ப போய்ச் சேருவாங்கன்னு இருக்குது உனக்கு. மூஞ்சியிலயே தெரியுது" என்றாள். அம்மாவுக்குப் பேச்சு குழறுமே தவிர எல்லாம் புரியும். நல்ல கையால் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சத்தியமாக எனக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை. தன் மனதில் இருப்பதை அடுத்தவர் தலையில் கட்டுவதற்குப் 'புரொஜெக்‌ஷன்' என்று பெயர் எனப் படித்தேன். இது அதுதானா? அக்காவிடம் நேராகவே சொல்லிவிடலாமா?

தறிக்காரன்:
சொல்லாதீர்கள். என் பங்காளி ஒருத்தர் நான் கல்லாவில் கை வைப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிர்வாதம் எதுவும் பேசவில்லை. தினமும் சாயந்திரம் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். கொஞ்ச நாளில் பேச்சு அடங்கிவிட்டது.

வைகைக்காரி:
மனநலப் பிரிவில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாருங்கம்மா, வெளியிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் அக்கா பேசியது புரொஜெக்‌ஷனைப் போலத்தான் இருக்கிறது. 1895-லேயே, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்ட் தன் நண்பர் ஃபிளீஸுக்கு இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் மனதுக்குள் தன்னையே குற்றம் சொல்லும் குரல் தாங்க முடியாமல் போகும்போது, அந்தக் குற்றம் வெளியே இருப்பவர்களிடமிருந்து வருவதாக மாறிவிடுகிறது என்று.

பிறகு 1997-இல் நியூமன், டஃப், பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் மூவரும் சோதனை செய்து பார்த்தார்கள். உங்களிடம் இன்ன கெட்ட குணம் இருக்கிறது என்று சிலரிடம் சொல்லி, அதை நினைக்கவே கூடாது என்றும் சொன்னார்கள். அப்புறம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை வீடியோவில் காட்டினார்கள். எதை நினைக்காமல் அமுக்கினார்களோ, அதே குணம் அந்தப் பெண்ணிடம் இருப்பதாக அவர்களுக்குத் தெரிந்தது. அமுக்குகிற வேலையே அந்த நினைப்பை விழித்திருக்க வைக்கிறது.

இப்போது உங்கள் அக்காவை யோசியுங்கள். நடுராத்திரி எழுந்து அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, ஈரம் மாற்றி, மறுபடி படுக்க வைத்து, காலையில் இட்லி ஊற்ற நிற்கிறவர். 'இது எப்போது முடியும்' என்ற நினைப்பு வராத பராமரிப்பாளரை நான் பார்த்ததில்லை. பாசம் உள்ளவர்களுக்கும் வரும். ஆனால் நம் வீடுகளில் ஒரு மகள் அதை வாய்விட்டுச் சொன்னால் பாவி ஆகிவிடுவாள். அதனால் அது உங்கள் முகத்தில் எழுதியிருப்பதாக அவருக்குத் தெரிகிறது.

'நீ புரொஜெக்ட் பண்ணுகிறாய்' என்றால், அவர் காதில் 'அம்மா சாக வேண்டும் என்று நினைப்பவள் நீதான்' என்றே விழும். "எனக்கு அப்படி இல்லைக்கா" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள், அதற்குமேல் விளக்க வேண்டாம். பிறகு அம்மா இல்லாத இடத்தில், "ராத்திரித் தூக்கம் இல்லாட்டி யாருக்கும் வெறுத்துப்போகும்க்கா, அது தப்பில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் அழலாம், கத்தவும் செய்யலாம். விட்டுவிடுங்கள். உங்கள் பணத்தைவிட உங்கள் ராத்திரிகள்தான் அவருக்கு வேண்டும். மாதத்தில் சில நாள் லீவு போட்டு அம்மா பக்கத்தில் நீங்கள் படுங்கள், அக்காவை வேறு அறையில் தூங்க விடுங்கள்.

மூத்தவள்:
எங்கள் வீட்டில் அந்த அக்கா நான்தான். படுத்த படுக்கையாக மாமியார். வைகைக்காரி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் சகோதரி, எல்லாவற்றையும் புரொஜெக்‌ஷன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஞாயிறு சாயந்திரம் பஸ் நேரத்தை எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்பது கூட இருப்பவளுக்குத் தெரியும். அவள் சொன்ன வார்த்தை அநியாயம், அதிலும் அம்மா காதுபட. "அம்மா முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம்க்கா" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதில் தயங்க வேண்டாம்.

பவானிக்கரை:
மூத்தவள் அக்கா, பஸ் நேரம் பார்ப்பது உண்மைதான். மறுநாள் ஷிஃப்ட் பயம். அடுத்த வாரம் நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன், ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். "சரி" என்று மட்டும் போட்டிருக்கிறாள். நான் இல்லாத நாட்களில் வீட்டுக்கு வந்து உதவ யாராவது உண்டா?

வைகைக்காரி:
உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021-இல் தொடங்கியது, அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அக்கா பேச விரும்பினால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எண்ணை நீங்களே அனுப்பினால் 'எனக்கா பைத்தியம்' என்று கோபம் வரும். முதலில் அந்த நான்கு ராத்திரி அவர் தூங்கட்டும், எண்ணை அப்புறம் கொடுக்கலாம்.