ஒய்எஃப்இஸட் 450ஆர்: பழைய லாங் டிராவல் ஷாக், புது +2 ஏ-ஆர்ம், வாங்கலாமா?

மேடுபள்ளம்

வணக்கம் மக்களே. வண்டி 2012 யமஹா ஒய்எஃப்இஸட் 450ஆர், ரேஸ் குவாட் (நான்கு சக்கர ஏடிவி). சஸ்பென்ஷன் முழுக்க கம்பெனியில் வந்தது, இதுவரை எதையும் மாற்றவில்லை. மோட்டோகிராஸ் ட்ராக் மட்டும்தான். அடுத்த சீசன் ஜார்ஜியாவில் அமெச்சூர் கிளாஸில் இறங்கப் போகிறேன். என் எடை 92 கிலோ, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டினால் 101.

பிரச்சினை இரண்டு. டேபிள்டாப்பில் (மேலே தட்டையான ஜம்ப் மேட்டில்) கொஞ்சம் குறையாகப் போய் இறங்கினாலே முன் ஷாக் அடி தட்டுகிறது. வளைவுக்கு முன்னால் வரும் பிரேக்கிங் பம்ப்களில் பின்பக்கம் உதைக்கிறது.

இங்கே ஒருவர் எல்கா கம்பெனியின் லாங் டிராவல் முன் ஷாக் ஒரு ஜோடி நல்ல விலைக்குத் தருகிறார். ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆரில் இருந்து கழற்றியதாம். அதை வாங்கி, கூடவே +2 +1 ஏ-ஆர்ம் (முன் சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கை) புதிதாகப் போடலாம் என்று கணக்கு. மொத்த பட்ஜெட் 2,000 டாலர். பொருந்துமா? பின்பக்கத்துக்கும் ஏதாவது மிச்சம் வைக்க வேண்டுமா?

வெல்டுக்கடை

இரண்டையுமே வாங்காதீங்க. முதலில் ஆர்ம் கதையைச் சொல்கிறேன், அதில்தான் நிறையப் பேர் காசைத் தொலைக்கிறார்கள்.

+2 +1 என்றால் ஒவ்வொரு பக்கமும் 2 இஞ்ச் அகலம் கூடும், சக்கரம் 1 இஞ்ச் முன்னால் போகும். இந்த எண் பிரபலமானதே பழைய குவாட்களால்தான். முதல் ஒய்எஃப்இஸட் 450, ஹோண்டா 450ஆர் எல்லாம் 46 இஞ்ச் சொச்சம் அகலம். இரண்டு பக்கமும் 2 இஞ்ச் சேர்த்தால் 50-ஐ ஒட்டி வரும், மோட்டோகிராஸ் பந்தயத்தில் 50 இஞ்ச்தான் உச்ச வரம்பு. உங்கள் 450ஆர் கம்பெனியில் இருந்து வரும்போதே 48.8 இஞ்ச், அதாவது 1,240 மில்லிமீட்டர். உங்களுக்கு மிச்சம் இருப்பது பக்கத்துக்கு 0.6 இஞ்ச்தான். +2 போட்டால் 52.8 வரும், டெக் இன்ஸ்பெக்ஷனிலேயே (பந்தயத்துக்கு முந்தைய வண்டிச் சோதனை) நிறுத்திவிடுவார்கள். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் பழைய 450-ன் ஃபிரேம் வேறு. அதன் ஆர்ம் இதில் உட்காராது.

அகலத்தை டயரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் அளங்க. ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அளந்தால் குறைவாகக் காட்டும். ரிம் ஆஃப்செட்டையும் (ரிம் மாட்டும் இடத்துக்கு உள்ளே எத்தனை இஞ்ச், வெளியே எத்தனை இஞ்ச்) பாருங்க. 4+1 ரிம்மைக் கழற்றி 3+2 போட்டால் அதுவே பக்கத்துக்கு 1 இஞ்ச் கூட்டிவிடும், ஹேண்டில்பாரில் உதையும் அதிகமாகும்.

இனி ஷாக். லாங் டிராவல் என்பது தனியாக வாங்குகிற சாமான் இல்லை. லாங் டிராவல் ஆர்மில் ஷாக் மாட்டும் இடமே வேறு, அதற்கென்று நீளமான ஷாக் கட்டப்படுகிறது. அதை ஸ்டாண்டர்ட் டிராவல் ஆர்மில் மாட்டினால் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். முழுசாகத் தொங்கும்போது பால் ஜாயின்ட் (ஆர்ம் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு) அதன் கோண எல்லையைத் தாண்டி இடிக்கும். கழற்றிப் பார்த்தால் ஸ்டட் கழுத்தில் பளபளவென்று ஒரு தேய்மான வளையம் தெரியும். அந்த வளையம் வந்த ஜாயின்ட் ஒருநாள் லேண்டிங்கில் ஒடியும்.

இன்னொன்று, நீளமான ஆர்ம் போட்டால் அதே ஸ்பிரிங் மென்மையாகிவிடும். உதாரணக் கணக்கு ஒன்று (உங்கள் வண்டி அளவு அல்ல): உள் பிவட்டிலிருந்து பால் ஜாயின்ட் வரை 380 மி.மீ., ஷாக் மவுன்ட் வரை 230 மி.மீ. விகிதம் 0.605. சக்கரத்தில் கிடைக்கும் ஸ்பிரிங் பலம் இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது 0.366. ஆர்மை 50 மி.மீ. நீட்டி ஷாக் மவுன்டை அங்கேயே விட்டால் விகிதம் 0.535, வர்க்கம் 0.286. கிட்டத்தட்ட 22 சதவீதம் போச்சு. பழைய நிலைக்கு வர 28 சதவீதம் கடினமான ஸ்பிரிங் வேண்டும். ஏற்கெனவே அடி தட்டுகிற வண்டியில் ஆர்மை மட்டும் நீட்டினால் இன்னும் பலமாகத் தட்டும்.

அதனால் வரிசை இப்படி: என்ன அகலம் என்று முடிவு செய்து, அதற்கேற்ற ஆர்மை வாங்கி, அந்த ஆர்மின் பெயரையும் உங்கள் எடையையும் சொல்லி ஷாக் கட்டச் சொல்லுங்க. ஆர்மும் ஷாக்கும் சேர்ந்தே வாங்கணும், இல்லையேல் எதுவும் வேண்டாம்.

ஆயில்சீல்

மேலே சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. ஆர்மே வேண்டாம் என்பது என் கட்சி. 450ஆரின் கேஒய்பி ஷாக் மோசமான சாமான் இல்லை. பிகிபேக் ரிசர்வாயர் (ஷாக்கோடு ஒட்டிய ஆயில் டப்பா) இருக்கு; ஹை ஸ்பீடு, லோ ஸ்பீடு கம்ப்ரஷன் (ஷாக் அமுங்கும் வேகம்), ரீபவுண்ட் (திரும்பி நீளும் வேகம்), ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்குவது) எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணலாம். 101 கிலோவுக்கு ஸ்பிரிங் மாற்றி, வால்விங் (ஷாக் உள்ளே ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடுகள்) திருத்தி, அதாவது ரீவால்வ் செய்து, புது ஆயில், புது சீல் போட்டால் அமெச்சூர் கிளாஸுக்குத் தாராளம். மூன்று ஷாக்கையும் ஒரே கடைக்கு அனுப்பணும். முன்பக்கம் மட்டும் செய்தால் முன்னும் பின்னும் வேறு வேறு வண்டி மாதிரி ஓடும்.

2012 வண்டி, ஷாக்கைத் திறந்ததே இல்லைன்னா உள்ளே ஆயில் கறுத்துப் போயிருக்கும், அழுத்தத்தோடு அடைத்த நைட்ரஜனும் இறங்கியிருக்கும். அந்த ஷாக்கை வைத்து "ஸ்டாக் சஸ்பென்ஷன் சரியில்லை" என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

செகண்ட் ஹேண்ட் ஷாக் எப்போதாவது வாங்கினால் பார்க்க வேண்டியது:

- ஷாஃப்ட்டில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டு. நகம் மாட்டினால் அந்தக் கீறல் புது சீலையும் ஒரே வாரத்தில் தின்னும்.
- ஸ்பிரிங்கைக் கழற்றி ஷாக்கைக் கையால் அமுக்கு. ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் தடையே இல்லாமல் போய் அப்புறம் பிடித்தால் உள்ளே காற்று புகுந்திருக்கு.
- ஐலெட் (போல்ட் போகும் கண்) பேரிங்கில் ஆட்டம், ரிசர்வாயர் இணைப்பில் ஈரம்.
- கண்ணுக்குக் கண் நீளம், ஸ்ட்ரோக், போல்ட் துளை அளவு. இந்த மூன்றையும் டேப் வைத்து நீயே அள. விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதே.

கேஸ் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் காற்றை அடிக்கக் கூடாது. அதில் ஈரம் இருக்கும், சூட்டில் அழுத்தமும் தாறுமாறாக ஏறும். உலர் நைட்ரஜன் மட்டும், ஷாக் கட்டியவர் சொன்ன அழுத்தத்தில்.

மேடுபள்ளம்

நன்றி அண்ணன்மாரே. ஹோண்டா ஷாக் கதை முடிந்தது. ஸ்பிரிங், ரீவால்வ் வழியில் போகிறேன். கடைக்கு அனுப்பும் முன் நான் வீட்டில் பார்க்க வேண்டியது என்ன? பின்பக்க உதைக்கும் ரீவால்வ்தான் தீர்வா? +1 முன்னால் தள்ளுவதில் லாபம் உண்டா?

சாக்_அளவு

உதைக்கு முதலில் லிங்கேஜை (பின் ஷாக்கை ஸ்விங்ஆர்மோடு, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் கையோடு, இணைக்கும் மூட்டுகளை) பாருங்கள் தம்பி. ஸ்விங்ஆர்முக்குக் கீழே இருக்கும் அந்த நீடில் பேரிங்குகளுக்குத்தான் இந்த வண்டியில் பாதிப் பழி சேர வேண்டும். பிரஷர் வாஷ் தண்ணீர் நேராகப் போகும் இடம், கிரீஸ் வைக்க யாரும் குனிவதில்லை. பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்விங்ஆர்மைக் கையால் தூக்கி இறக்குங்கள். எங்கேயும் பிடிக்காமல் வழுக்கிப் போக வேண்டும். கரகரத்தாலோ, ஒரு இடத்தில் நின்றாலோ பேரிங்கும் காலரும் மாற்றுங்கள். துரு பிடித்த லிங்கேஜை வைத்துக்கொண்டு எத்தனை ரீவால்வ் செய்தாலும் உதை போகாது.

லிங்கேஜ் சரி என்றால், உதை எந்த பம்ப்பில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். முதல் பம்ப் நன்றாகப் போய் மூன்றாவது, நான்காவதில் உதைத்தால் ஷாக் திரும்பி நீள நேரம் கிடைக்காமல் கீழேயே தங்கிவிடுகிறது. ரீபவுண்டை 2 கிளிக் திறக்கவும். முதல் பம்ப்பிலேயே தூக்கி அடித்தால் ரீபவுண்ட் வேகமாக இருக்கிறது, அல்லது ஹை ஸ்பீடு கம்ப்ரஷன் இறுக்கம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ. தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மெதுவாக உள்ளே முட்டும் வரை திருப்பி, எத்தனை கிளிக் என்று எழுதிவைத்து, மறுபடி அங்கேயே கொண்டுவாருங்கள். முட்டிய பிறகு இறுக்கினால் ஊசி கெட்டுவிடும்.

பிறகு சாக் அளவு, அதாவது பாரத்தில் சஸ்பென்ஷன் எவ்வளவு தாழ்கிறது என்பது. கடைக்காரர் கேட்கப்போவது இதைத்தான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி நான்கு சக்கரமும் தொங்கட்டும். ஹப் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு டேப் ஒட்டி, அந்தத் தூரத்தை நான்கு சக்கரத்திலும் குறியுங்கள். இறக்கி, இரண்டு முறை அமுக்கி விட்டு மறுபடி அளவு. மூன்றாவது முறை நீங்கள் முழு கியரோடு ஏறி நிற்க, இன்னொருவர் அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த டிராவலில் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரத்தில்) மூன்றில் ஒரு பங்கு பக்கம் இருக்கட்டும். உங்கள் வண்டியில் முன்னால் சுமார் 250 மி.மீ. டிராவல், அதனால் 80 மி.மீ. ஒட்டி. பின்னால் சுமார் 280, அதற்கு 90 மி.மீ. ஒட்டி.

ப்ரீலோட் இறுக்கி இந்த அளவைக் கொண்டுவர முடியும், ஆனால் அது ஏமாற்று வேலை. ஆள் ஏறினால் அளவு சரியாக இருந்து, ஆள் இல்லாதபோது வண்டி கொஞ்சம்கூடத் தாழாமல் விறைப்பாக நின்றால் ஸ்பிரிங் மெலிது என்று பொருள். உங்கள் எடைக்கு அப்படித்தான் காட்டும் என்பது என் ஊகம். முன் ஷாக் தண்டில் ஒரு சின்ன ஜிப் டை கட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். அது பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு நெருங்கியது என்பதையும் குறித்து, எல்லா எண்ணையும் ஷாக்கோடு ஒரு தாளில் அனுப்புங்கள்.

+1 பற்றி: வீல்பேஸ் (முன், பின் சக்கர நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம்) 1,270-லிருந்து 1,295 மி.மீ. ஆகும். வூப்ஸில் (வரிசையாக வரும் சின்ன மேடுகளில்) நேராக ஓடும். ஆனால் முன் டயர் மேல் விழும் பாரம் கொஞ்சம் குறைவதால், இறுக்கமான வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும். முதல் சீசனுக்கு அவசரமில்லை.

வெல்டுக்கடை

ஆயில்சீல் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், 2,000 டாலருக்குள் என்றால் ரீவால்வ்தான். பிற்பாடு ஆர்ம் வாங்கும்போது மட்டும் இதை மறக்க வேண்டாம். ஸ்பிரிங் இல்லாத ஷாக்கை மாட்டி சக்கரத்தை மேலும் கீழும் முழுக்க நகர்த்திப் பார்க்கணும், ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் ஒடித்த நிலையில். பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது, டயர் எங்கேயும் உரசக் கூடாது. அப்போதே மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) அளந்தால் பம்ப் ஸ்டியர் (மேடு ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்புவது) தெரிந்துவிடும். டை ராட் (முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பி) நீளம் பத்தவில்லை என்று அதன் நுனியில் திருகியிருக்கும் ஹைம் ஜாயின்டை வெளியே வெளியே திருகாதீங்க. தண்டு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரை உள்ளே இருக்கணும், 5/8 இஞ்ச் தண்டு என்றால் 24 மி.மீ. கடைசியில் டோ-இன் 3 முதல் 6 மி.மீ., ஆள் ஏறிய நிலையில்.

மேடுபள்ளம்

லிங்கேஜ் கழற்றியாச்சு. கீழ் பேரிங் ஒன்றில் ஊசிகள் துருவோடு ஒட்டிக்கிடக்கு, காலரில் வரி வரியாகப் பள்ளம். பேரிங் கிட் ஆர்டர் போட்டுவிட்டேன். சாக் அளவு ஞாயிற்றுக்கிழமை எடுத்து இங்கேயே போடுகிறேன்.

ஆயில்சீல்

காலரையும் சேர்த்து ஆர்டர் பண்ணியிருக்கா பாருங்க, சில கிட்டில் பேரிங்கும் சீலும் மட்டும்தான் வரும். பள்ளம் விழுந்த காலரில் புது ஊசி போட்டால் மறுபடி இதே கதி.