கரோடிட் பிரியுமிடம் சி2 மட்டத்தில், அதற்கு மேலே கிங்க்: என்டார்டரெக்டமியா, ஸ்டென்ட்டா?

வாஸ்குலர்ரெசிடென்ட்:
66 வயது ஆண். 5 நாளுக்கு முன்பு இடது கையும் முகமும் பலவீனமாகி, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. வலது இன்டர்னல் கரோடிட்டில் (மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி) நாசெட் கணக்குப்படி (மேலே உள்ள இயல்பான தமனி அகலத்தோடு ஒப்பிடும் முறை) 80% அடைப்பு. இடது பக்கம் சுத்தம். என்டார்டரெக்டமி (தமனியைத் திறந்து அடைப்பை எடுப்பது) என்றுதான் முடிவு, ஆனால் சி.டி. ஆஞ்சியோவில் கரோடிட் பிரிவதே சி2 (இரண்டாம் கழுத்தெலும்பு) மட்டத்தில், உயரமாக. பிளேக் (அடைப்பாக நிற்கும் படிவு) அங்கிருந்து 1.5 செ.மீ. மேலே போகிறது. அது முடிந்த கையோடு தமனி கூர்மையாக மடங்கி (கிங்க்), மறுபடி மேலே ஏறுகிறது. தாடையை முன்னால் தள்ள வேண்டி வருமா? ஷன்ட் (தமனியை மூடியிருக்கும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தற்காலிகக் குழாய்) தேவைப்பட்டால் அந்த மடிப்பைத் தாண்டி எப்படி ஏற்றுவது? பேசாமல் ஸ்டென்ட்டுக்கு (தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) அனுப்பிவிடலாமா?

படம்பார்ப்பவன்:
கழுத்தோடு நிறுத்தாமல் ஆர்ச்சிலிருந்து (மகாதமனியின் வளைவு) உச்சி வரை ஒருமுறை உருட்டிப் பாருங்கள் டாக்டர். மேலே வில்லிஸ் வளையம் (மூளையடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணையும் வளையம்): இடது ஏ1 (முன்மூளைத் தமனியின் முதல் பகுதி), முன் இணைப்புத் தமனி, வலது பின் இணைப்புத் தமனி மூன்றும் இருக்கின்றனவா? வலது பின்மூளைத் தமனி கரோடிட்டிலிருந்தே கிளம்பினால் கிளாம்ப் (தமனியை மூடும் கவ்வி) போட்டதும் மூளையின் பின்புற ஆக்ஸிபிடல் பகுதிக்கும் ரத்தம் குறையும்.

இரண்டு வெர்டிப்ரல்களும் (கழுத்தெலும்பு வழியே மூளைக்கு ஏறும் தமனிகள்) நூல்போல இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். சி1 முதல் சி3 வரையிலான மட்டத்தில் இன்டர்னல் கரோடிட்டிலிருந்து ஒரு கிளை பிரிந்து மண்டையோட்டு அடியிலுள்ள ஹைப்போகிளாஸல் கால்வாய் வழியாக பேஸிலருக்குப் (மூளைத்தண்டுக்கான தமனி) போகிறதா என்று தேடுங்கள். கருவில் மறைய வேண்டிய ஹைப்போகிளாஸல் தமனி நிலைத்துவிட்டது என்று பொருள். மிக அரிதுதான். ஆனால் இருந்தால் கிளாம்ப் மூளைத்தண்டையும் சேர்த்தே பட்டினி போடும். ஸ்டம்ப் பிரஷரும் (கிளாம்ப்புக்கு மேல் தமனியில் மிஞ்சும் அழுத்தம்) இ.இ.ஜி.யும் (மூளையின் மின்அலைப் பதிவு) அதைச் சரியாகக் காட்டாது. ஷன்ட் போடத்தான் வேண்டும், அதுவும் நுனி அந்தக் கிளையின் வாயைத் தாண்டாமல். தாண்டினால் ஷன்ட்டே அதை அடைத்துவிடும்.

கீழே ஆர்ச்சில் வலது சப்கிளேவியன் (கைக்குப் போகும் தமனி) எங்கிருந்து வருகிறது?

வாஸ்குலர்ரெசிடென்ட்:
வில்லிஸ் வளையத்தில் வலது பின் இணைப்புத் தமனி மட்டும் தெரியவில்லை. வெர்டிப்ரல் இரண்டும் நல்ல அளவு, கூடுதல் கிளை எதுவும் இல்லை. வலது சப்கிளேவியன் ஆர்ச்சின் கடைசிக் கிளையாக வந்து உணவுக்குழாய்க்குப் பின்னால் போகிறது. ரிப்போர்ட்டில் இதைக் குறிப்பிடவே இல்லை. கரோடிட் சர்ஜரிக்கு இதனால் என்ன?

கழுத்துவழி:
நிறைய இருக்கிறது. சப்கிளேவியன் அப்படி வந்தால் வலது ரிகரன்ட் லாரிஞ்சியல் நரம்பு (குரல்நாணை அசைப்பது) சுற்றிவர வளையமே கிடையாது. வேகஸ் நரம்பிலிருந்து கழுத்திலேயே பிரிந்து, காமன் கரோடிட்டுக்குப் பின்னால் குறுக்காக நேரே குரல்வளைக்குள் போய்விடும். கரோடிட்டைச் சுற்றி டேப் போடும்போது அதை ஒட்டுத்திசு என்றோ, ஆன்சா செர்விகாலிஸ் (கழுத்துத் தசைகளுக்கான நரம்பு வளையம்) என்றோ நினைத்து வெட்டிவிடுவார்கள். ஆன்சா தமனிக்கு முன்பக்கம் கிடக்கும், வெட்டினாலும் பெரிதாக நஷ்டமில்லை. வேகஸிலிருந்து கிளம்பி தமனிக்குப் பின்னால் உள்நோக்கிப் போவது எதுவானாலும் கத்தரிக்கோல் படக்கூடாது. ரைட் ஆங்கிளைக் (முனை வளைந்த கவ்வி) குருட்டாம்போக்கில் பின்னால் நுழைக்காதீர்கள். முன்பு இடது பக்கம் கழுத்திலோ தைராய்டிலோ சர்ஜரி நடந்திருந்தால் குரல்நாண் இரண்டும் அசைகின்றனவா என்று ஸ்கோப் போட்டுப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

இனி உயரம். மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேடு) நுனியையும் தாடைக் கோணத்தையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். பிளேக் அதற்குக் கீழே முடிந்தால் தாடையைத் தள்ளாமலே சமாளிக்கலாம். உங்கள் கேஸில் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் போலிருக்கிறது. ஆனால் நீங்கள் பயப்படுகிற அந்த கிங்க்தான் உங்களுக்குக் கைகொடுக்கப் போகிறது. மடிந்திருக்கிறது என்றால் தமனி தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சுற்றிலும் விடுவித்துவிட்டால் கீழே இழுக்க வரும், பிளேக்கின் மேல்முனையும் கூடவே இறங்கும். அதனால் நீளவாக்கில் திறந்து பேட்ச் வைப்பதைவிட எவர்ஷன்தான் இங்கே பொருத்தம்: இன்டர்னலைப் பல்பிலேயே (கரோடிட் பிரியுமிடத்தில் அகன்ற பகுதி) சாய்வாக வெட்டி, வெளிச்சுவரைச் சட்டைக் கையைப்போல் மேலே மடித்து, பிளேக் மெலிந்து தானாக விடும் இடம் வரை போக வேண்டும். உள்ளே மடல்போல ஏதாவது ஆடுகிறதா என்று ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) கலந்த சலைன் பீச்சிப் பாருங்கள். பிறகு மிச்ச நீளத்தை வெட்டியெடுத்து, 6-0 பாலிப்ரொப்பிலின் நூலில் மறுபடி தைத்தால் கிங்க்கும் போய்விடும். அதை அப்படியே விட்டு பேட்ச் மட்டும் வைத்தால், பிளேக் போய் இளகிய சுவர் இன்னும் மோசமாக மடங்கி த்ராம்பஸ் (ரத்தக்கட்டி) ஆகலாம்.

விடுவிப்பதில் ஒரு நிபந்தனை: பிளேக்கில் கை அழுந்தாமல், கிளாம்ப் போடும் வரை பல்பை ஆட்டாமல். ஹைப்போகிளாஸல் நரம்பு (நாக்கை அசைப்பது) இங்கே பிளேக்கின் மேலேயே கிடக்கும். ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசைக்குப் போகும் சின்ன தமனியும் ஆக்ஸிபிடல் தமனியும்தான் அதைக் கீழே கட்டி வைத்திருக்கும். அவற்றைக் கட்டி வெட்டினால் நரம்பு தானாக மேலே ஏறும். போதாவிட்டால் டைகாஸ்ட்ரிக் தசையின் பின்வயிற்றை வெட்டுங்கள். அதற்கு மேல் விழுங்க உதவும் கிளாஸோஃபாரிஞ்சியல் நரம்பு இருக்கிறது. அங்கே பெரும்பாலும் கத்தியால் அல்ல, ரிட்ராக்டரால்தான் சேதம். கீறலின் மேல்முனையைக் காதுமடலுக்குப் பின்னால் வளைத்தால் மார்ஜினல் மாண்டிபுலர் நரம்பு (கீழுதட்டை அசைப்பது) தப்பும்.

ஷன்ட்டை மடிப்பு நிமிராமல் ஏற்றவே ஏற்றாதீர்கள், நுனி சுவரில் குத்தி உள்படலம் கிழிந்து டிஸெக்‌ஷன் ஆகும். முதலில் எவர்ஷனை முடித்துவிட்டு, சுத்தமான முனையில் ஏற்றுங்கள். மேலே கிளாம்ப்புக்கு இடமில்லையென்றால் பலூன் உள்ள ப்ரூயிட்-இனஹாரா ஷன்ட் நல்லது. பின்னொழுக்கு நின்றதும் பலூனை ஊதுவதை நிறுத்திவிட வேண்டும்.

மயக்கமருந்துமேசை:
எங்கள் பக்கத்திலிருந்து சில விஷயம். மூக்கு வழியாக இன்ட்யூபேட் செய்யச் (மூச்சுக்குழாயில் டியூப் விட) சொல்லுங்கள். வாயில் டியூப் இல்லாவிட்டால் பற்கள் சேரும், தாடைக் கோணத்துக்கும் மாஸ்டாய்டுக்கும் இடையே இடம் கிடைக்கும். ஆஸ்பிரின் ஓடிக்கொண்டிருக்கும், மூக்கில் ரத்தம் வரும். முன்கூட்டியே ஆக்ஸிமெட்டாஸோலின் (ரத்தக்குழாயைச் சுருக்கும் மூக்கு மருந்து), வெந்நீரில் இளக்கிய டியூப். தாடையைத் தள்ளுவது (10 முதல் 15 மி.மீ. வரை போதும், மூட்டு கழன்றுவிடக் கூடாது) கழுத்தைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது. பாதியில் "தள்ளலாமா" என்று கேட்டால் முடியாது.

ஹெப்பாரின் 5000 யூனிட், ஏ.சி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 250 விநாடிக்கு மேல் வந்த பிறகு கிளாம்ப். கிளாம்ப் இருக்கும்வரை பிரஷரை அடிப்படையைவிட 20% உயர்த்தி வைப்போம். பின் இணைப்புத் தமனி இல்லாதவரிடம் ஸ்டம்ப் பிரஷர் 40க்குக் கீழே வந்தால் வாதாட வேண்டாம், ஷன்ட்தான். எவர்ஷனில் ரத்த அழுத்தத்தை உணரும் கரோடிட் சைனஸின் நரம்பு அறுபடுவதால் முதல் நாள் பிரஷர் எகிறும். சிஸ்டாலிக்கை 140க்குப் பக்கத்திலேயே பிடித்து வையுங்கள். தலைவலி என்று சொன்னால் அதை மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள், ஹைப்பர்பெர்ஃப்யூஷன் (மூளைக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாய்வது) அப்படித்தான் ஆரம்பிக்கும்.

வாஸ்குலர்ரெசிடென்ட்:
நன்றி சார். ஸ்டென்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கழுத்துவழி:
உயரமான பிரிவு மட்டும் என்றால் டிகார் (கழுத்தில் கரோடிட் வழியாகவே ஸ்டென்ட் வைப்பது) அருமையான வழி. கிளாவிக்கிளிலிருந்து (காறை எலும்பு) பிரியுமிடம் வரை 5 செ.மீ. வேண்டும், இவருக்கு தாராளமாக இருக்கும். தடை கிங்க்தான். ஸ்டென்ட் பிளேக் இருக்கும் இடத்தை நேராக்கும், மடிப்பு அப்படியே மேலே நகர்ந்து இன்னும் கூர்மையாகும். தொடை வழியாகப் போனால் ஃபில்டரை (உடையும் துணுக்குகளைப் பிடிக்கும் வலை) அந்த வளைவுக்கு அப்பால் உட்கார வைக்கவே இடமிருக்காது. பழைய ரேடியேஷன் அல்லது எதிர்ப்பக்கக் குரல்நாண் செயலிழப்பு இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

அறிகுறி வந்ததிலிருந்து சர்ஜரிக்கான இரண்டு வார வரம்பில் 5 நாள் போய்விட்டது, தள்ளிப்போடாதீர்கள். டைகாஸ்ட்ரிக் வெட்டினீர்கள் என்றால் விழுங்கும் சோதனை முடியும் வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். முதல் வாய் தண்ணீர் நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது, நிமிர்ந்து உட்கார வைத்து.